துருவின் எதிரி: மாத்தளைக் கோப்பியும் ஒரு வெண்பூஞ்சணமும்

சென்ற மாதம் யட்டவத்த சென்றிருந்தேன். பழைய நண்பர் ஒருவரின் வீட்டுத் திருமணம். மறுநாட் காலை மாத்தளைக்குத் திரும்பும் பேருந்துக்கு நேரம் இருந்தமையால், அயலில் ஒரு வீட்டுத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். மாத்தளை மாவட்டத்துக்கே உரிய தோட்டம் அது. மேலே பலாவும் தென்னையும் கமுகும். அவற்றின் உடலைப் பற்றி ஏறும் மிளகுக்கொடிகள். அதற்குக் கீழே கொக்கோ. அதற்கும் கீழே, வரிசை எதுவுமின்றி, பத்துப் பதினைந்து கோப்பி மரங்கள்.

(தமிழக அன்பர்கள் மன்னிக்க. நீங்கள் காப்பி என்பதை இலங்கையில் நாங்கள் கோப்பி என்றே எழுதிப் பழகிவிட்டோம்.)

தோட்டத்துக்குரியவர் எழுபது வயதைக் கடந்த பெரியவர். அருகில் உள்ள தோட்டமொன்றில் கூலியாகப் பெயர் பதிந்து ஓய்வு பெற்றவர். ஒரு கோப்பி இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்புறத்தில் மஞ்சள் தூளைக் கொட்டியது போன்ற வட்டங்கள். விரலால் தடவியபோது செம்மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டது. “பெரியவரே, இது துரு அல்லவா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க ஐயா. இது எப்பவும் இருக்கிறதுதான். மழை விட்டதும் வரும். ஆனா மரம் சாகிறதில்லை” என்றார். பிறகு பலாவின் ஆழ்ந்த நிழலில் நின்ற மற்றொரு மரத்தை நோக்கி அழைத்துச் சென்று ஓர் இலையைக் காட்டினார். “இதப் பாருங்க. மஞ்சப் பொடி மேல வெள்ளையாப் பூத்திருக்கு. இது வந்திருச்சின்னா அந்தப் பொடி காஞ்சி போகும். இந்த நெழல்ல உள்ள மரத்துலதான் வரும். அங்கிட்டு ரோட்டோரமா நிக்கிறதுல வராது.”

அந்த வெண்மை இன்ன இனம் என்று உறுதியாகக் கூற நுண்ணோக்கி வேண்டும். என்னிடம் இருந்ததோ மூக்குக்கண்ணாடி மட்டுமே. எனினும் அவர் சாதாரணமாகச் சொன்ன அந்தச் சொற்கள் என்னைத் திகைக்க வைத்தன. காரணம் உண்டு. பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில், மலையக வரலாற்றைப் பற்றி எழுத நேர்ந்த போதெல்லாம், “1869இல் வந்த ஒரு பூஞ்சணம் இலங்கையின் கோப்பியை அழித்தது” என்ற வாக்கியத்தை நான் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழுதுவதற்கு எளிதான வாக்கியம். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் முழு உண்மை அதுவன்று என்பதை ஒரு பலா மரத்தின் நிழலில் நின்று உணர வேண்டியதாயிற்று. வீடு திரும்பியதும் பழைய குறிப்புகளையும் புதிய ஆய்வுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு வாசித்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

மாத்தளையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். மலையகத் தமிழரின் வரலாற்றில் மாத்தளை ஒரு வாசல். திருச்சி, மதுரை, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்கள் பாக்கு நீரிணையைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டினூடாக நடந்து, தம்புள்ளையைத் தாண்டி, முதன்முதலில் கண்ட மலைநகரம் மாத்தளைதான். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் மடிந்தவர் தொகை சரியாக எண்ணப்படவில்லை. 1840களில் மட்டும் 70,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்று அக்காலக் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் முன் நிற்கும் போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது தேரன்று, அந்த வழிநடையே.

அவர்கள் வந்தது தேயிலைக்காக அன்று, கோப்பிக்காக. இதை இன்றைய இளைஞர் பலர் அறியார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கோப்பிக்கோ பழம் பறிக்கும் காலத்தில்தான் பெருந்தொகையானோர் தேவை. ஆகவே ஆண்டுதோறும் வருவதும் பருவம் முடிந்தபின் ஊர் திரும்புவதுமாகவே பெரும்பாலோர் வாழ்ந்தனர். 1870ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து 10 கோடி இறாத்தலுக்கும் அதிகமான கோப்பி ஏற்றுமதியாயிற்று. உலகில் கோப்பிக்குப் பெயர் பெற்ற நாடுகளுள் இலங்கை முன்வரிசையில் இருந்தது.

அந்த உச்சத்துக்குச் சரியாக ஓராண்டுக்கு முன்னர், 1869இல், ஊவாவின் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து நோயுற்ற சில இலைகள் பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவெயிட்ஸ் என்பாரிடம் வந்து சேர்ந்தன. அவர் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சணவியலில் அன்று முதன்மையானவராகக் கருதப்பட்ட பெர்க்லி பாதிரியார், அதே ஆண்டு நவம்பரில், அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பெயரின் முதற்பாதிக்கு ‘அரைவாசி வழுவழுப்பானது’ என்று பொருள். அதன் வித்தியின் ஒரு பக்கம் கரடுமுரடாகவும் மறுபக்கம் மென்மையாகவும் இருக்கும். இரண்டாம் பாதிக்குப் பொருள் ‘பாழாக்குபவள்’. பெயரிட்டபோது அது சில ஏக்கரில் மட்டுமே காணப்பட்டது. பெயர் பலித்துவிட்டது.

துவெயிட்ஸ் எச்சரித்தார். தோட்டத்துரைமார் கேட்கவில்லை. நன்றாக உரமிட்டால் மரம் தானே தேறிவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. உலகச் சந்தையில் கோப்பியின் விலை அப்போது ஏறிக்கொண்டிருந்தது. ஏக்கருக்கான விளைச்சல் பத்தாண்டுக்குள் சுமார் பாதியாகக் குறைந்தபோதிலும், விலை உயர்வு அந்த இழப்பை மூடி மறைத்தது. எனவே நோய் பரவப் பரவ அவர்கள் மேலும் மேலும் காட்டை வெட்டிக் கோப்பி நட்டனர். 1878 அளவில் கோப்பிப் பரப்பு 275,000 ஏக்கரை எட்டியது. நோயாளி மெலிந்துகொண்டிருக்க, அவருக்குப் பெரிய அளவில் சட்டை தைத்த கதை.

1880இல் அரசு இங்கிலாந்திலிருந்து ஓர் இளைஞரை வரவழைத்தது. ஹாரி மார்ஷல் வார்ட் என்பது பெயர். வயது இருபத்தைந்தைச் சற்றே தாண்டியிருந்தது. பின்னாளில் கேம்பிரிட்ஜில் பேராசிரியரானவர். இலங்கையில் அவர் இருந்தது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே. ஆனால் அக்காலத்தில் அவர் செய்த வேலை இன்றும் வியக்கத்தக்கது. பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் தொங்கவிட்டார். காற்றில் பறந்து வந்த துரு வித்திகள் அவற்றில் ஒட்டின. நோய் மண்ணிலிருந்தோ வேரிலிருந்தோ வரவில்லை, காற்றில் வருகிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இலையின் அடிப்புறத்தில் விழும் வித்தி, அங்கே நீர்த்துளி இருந்தால் மட்டுமே முளைக்கிறது; முளை இலைவாயினூடாக உள்ளே நுழைகிறது; சில வாரங்களில் செம்மஞ்சள் வட்டமொன்று தோன்றி, இலட்சக்கணக்கான புதிய வித்திகளைக் காற்றில் விடுகிறது. இலைகள் உதிர்கின்றன. மரம் மீண்டும் தளிர்க்கிறது; மீண்டும் உதிர்க்கிறது. இரண்டு மூன்று பருவங்களில் சோர்ந்துபோகிறது.

வார்ட்டின் அறிக்கைகளில் மற்றொரு கருத்து இருந்தது. துரைமாருக்கு அது பிடிக்கவில்லை. மலைக்கு மலை, இடைவெளியின்றி, ஒரே இன மரத்தை நட்டதுதான் இந்தப் பூஞ்சணத்துக்கு விரித்து வைத்த கம்பளம் என்றார் அவர். காடு இருந்த காலத்தில் காற்றைத் தடுக்க மரங்கள் இருந்தன. அவற்றை வெட்டி எரித்தாயிற்று. மருந்து கேட்டவர்களுக்கு அவரால் கொடுக்க முடிந்தது விளக்கம் மட்டுமே. பிரான்சின் போர்தோ நகரில் திராட்சைக்கெனச் செம்புக் கலவை தெளிக்கும் முறை 1885 அளவில்தான் வெளிவந்தது. இலங்கைக் கோப்பிக்கு அது காலங்கடந்த மருந்து.

இதுவரை சொன்னது பலரும் அறிந்த கதைதான். இனி நான் அறியாதிருந்த பகுதி.

1880களில், துருவால் நலிந்திருந்த தோட்டங்களில் இரண்டாவது தொல்லை ஒன்று புகுந்தது. துரைமார் அதைப் பச்சை மூட்டை என்றனர். பச்சை நிறத்தில், தட்டையாக, இலை நரம்போடு ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் செதில் பூச்சி. பூண்டுலோயாவில் தோட்டத்துரையாக இருந்து பின்னர் அரசின் பூச்சியியலாளரான ஏர்னஸ்ட் கிரீன் 1889இல் அதற்கு அறிவியற் பெயரிட்டார். துரு அரைவாசி கொன்றதைப் பச்சை மூட்டை முழுவதும் கொன்றது என்பது அக்காலத் தோட்டக்காரர் கூற்று.

பத்தாண்டு கழித்து, 1898இல், சிம்மர்மான் என்ற ஆய்வாளர் ஜாவாத் தீவில் அதே பச்சைப் பூச்சி கூட்டங்கூட்டமாக இறந்துகிடப்பதைக் கண்டார். இறந்த பூச்சி ஒவ்வொன்றையும் சுற்றி வெள்ளைப் பஞ்சால் செய்த வளையம் போன்ற ஒன்று இருந்தது. அது ஒரு பூஞ்சணம். அவர் வைத்த பெயர் பிற்காலத்தில் பலமுறை மாற்றப்பட்டது. வெர்ட்டிசிலியம் என்றனர், 2001இல் லெக்கானிசிலியம் என்றனர், அதன்பின் அகாந்தோமைசிஸ் என்றும் மாற்றிவிட்டனர். அறிவியலாளர் பெயர் மாற்றுவதில் நம் ஊர் வீதிகளுக்குப் பெயர் மாற்றுவோரையும் மிஞ்சியவர்கள். நாம் வெண்வளையப் பூஞ்சணம் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த வெண்வளையப் பூஞ்சணம் பூச்சியை மட்டும் உண்பதன்று. கோப்பித் துருவின் மீதும் படர்ந்து, அந்தச் செம்மஞ்சள் வித்திகளைத் துளைத்து, அவற்றைத் தின்று வாழக்கூடியது. ஒட்டுண்ணியின் மேல் ஓர் ஒட்டுண்ணி. ஆக, கோப்பியின் இரண்டாவது பகைவனான பச்சை மூட்டையின் உடலில் வளர்வது, முதற்பகைவனான துருவுக்கு எமன். துருவும், மூட்டையும், இரண்டையும் கொல்லவல்ல பூஞ்சணமும் ஒரே இலையின் அடிப்புறத்தில் அடுத்தடுத்து வாழக்கூடியவை.

அப்படியானால் இலங்கையில் அது இருக்கவில்லையா? இருந்தது. பேராதனையில் 1905 முதல் பூஞ்சணவியலாளராகப் பணியாற்றிய தோமஸ் பெட்ச், பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சணங்களை ஆராய்ந்து எழுதியவர்களுள் உலகிலேயே முக்கியமானவர். இலங்கையின் பூச்சிகளில் இந்த இனத்தையும் அவர் அறிந்திருந்தார். அவர் 1925இல் விவசாயத் திணைக்களத்துக்காக எழுதிய வெளியீட்டின் சாரத்தை இங்கே என் சொற்களில் தருகிறேன். நன்மை செய்யும் பூஞ்சணத்தைப் புட்டியில் வளர்த்துத் தோட்டத்தில் தெளித்துவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அது பெரும்பாலும் தோட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஈரமும் வெப்பமும் பூச்சியின் தொகையும் பொருந்தி வரும்போது அது தானே கொள்ளைநோயாகப் பெருகுகிறது. பொருந்தாதபோது எவ்வளவு தெளித்தாலும் பெருகுவதில்லை. இயற்கையில் அது பெருகாத வேளையில் அதைப் பெருகச் செய்வது எப்படி என்பதே தீர்க்கப்பட வேண்டிய புதிர்.

நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்தப் புதிர் முழுமையாக அவிழவில்லை. பெட்சை அவநம்பிக்கைவாதி என்று சிலர் குறை கூறியதுண்டு. எனக்கு அவர் நல்ல நிருபரைப் போலத் தோன்றுகிறார்: கண்டதை எழுதினார், காணாததை வாக்களிக்கவில்லை.

சூழல் என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். விடயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

துருவின் வித்தி உலர்ந்த தூள். காற்று வீசினாற் போதும், மலை தாண்டிப் பறக்கும். வெண்வளையப் பூஞ்சணத்தின் வித்தியோ பசை போன்ற சிறு துளியில் திரண்டு நிற்பது. அது எளிதில் காற்றில் பறக்காது. மழைத்துளி விழுந்து சிதறும்போது அடுத்த இலைக்குப் போகும். எறும்பின் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த கிளைக்குப் போகும். மண்ணில் விழுந்து காத்திருந்து, மழை தெறிக்கும்போது மீண்டும் மேலேறும். பகைவன் குதிரையில் போகிறான், காவலனோ நடந்து போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில் குதிரை வெல்லும். மரஞ்செடி அடர்ந்த இடத்தில் குதிரைக்கு வேகமில்லை; நடப்பவனுக்கோ இலைக்கு இலை பாலம் இருக்கிறது.

அடுத்தது ஈரம். வெண்வளையப் பூஞ்சணம் முளைப்பதற்குக் காற்றில் மிகுந்த ஈரப்பதன் பல மணி நேரம் தொடர்ந்து இருக்க வேண்டும். துருவுக்கு இலையில் ஒரு நீர்ப்படலம் ஓரிரவு நின்றாற் போதும். மலையகத்தின் பனிபடிந்த இரவுகளில் அதற்குக் குறைவில்லை. பொழுது விடிந்து வெயில் ஏறியதும், நிழலற்ற சரிவில் காற்று உலர்ந்துவிடும். துரு அதற்குள் இலைவாயினூடாக உள்ளே போய்விட்டிருக்கும். காவலன் வெளியில் நின்று வாடுவான். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்கள் அதன் வித்திகளைக் கொல்லும். வெப்பமும் 20 முதல் 25 பாகை அளவில் இருந்தால்தான் அதற்கு உகந்தது.

இப்போது 1870களின் மலையைக் கண்முன் நிறுத்திப் பாருங்கள். காடு முழுவதும் வெட்டி எரிக்கப்பட்டது. நிழல் மரம் இல்லை. களை ஒன்று விடாமல் சுரண்டப்பட்டதால் மண்ணும் வெறுமை. இரண்டு பருவக்காற்றுகளும் மாறிமாறி மழை தருவதால் துருவுக்கு ஓய்வுக்காலம் என்பதே மிகக் குறைவு. துருவுக்கு வேண்டியவை அனைத்தும் இருந்தன. அதன் எதிரிக்கு வேண்டிய நிழலும், தேங்கிய ஈரமும், பெருகுவதற்கான பூச்சியும் இல்லை. பச்சை மூட்டை பெருந்தொகையாக வந்த வேளையில் கோப்பி ஏற்கெனவே சாகக் கிடந்தது. நான் திரும்பத் திரும்ப எழுதிய அந்த வாக்கியத்தில் விடுபட்டது இதுதான். பூஞ்சணம் அழித்தது உண்மை. அது அழிப்பதற்கு இடம் அமைத்துக் கொடுத்தது கோடரி.

அந்தக் கோடரியைப் பிடித்த கைகள் யாருடையவை என்பதையும் மறைக்கக் கூடாது. பெருங்காட்டை வெட்டியவர்களில் சிங்களக் கிராமத்தவரும் இருந்தனர். களை சுரண்டியவர்கள் நம்மவர். கட்டளை அவர்களுடையதன்று, எனினும் கோப்பி வீழ்ந்தபோது முதலில் விழுந்தவர்கள் அவர்களே. அதைப் பின்னர் சொல்கிறேன்.

தென்னிந்தியாவுக்கும் துரு 1870 அளவிலேயே வந்துவிட்டது. குடகிலும் மைசூரிலும் சேர்வராயனிலும் கோப்பி அடிபட்டது. ஆனால் அடியோடு அழியவில்லை. இதற்கு ஒரே காரணம் கூறுவது தவறு. அங்கே நீண்ட வறண்ட பருவம் உண்டு. துருவின் சங்கிலி அதில் அறுபடும். கெண்ட் என்ற தோட்டக்காரர் 1911இல் தேர்ந்தெடுத்த வகை சில காலம் துருவைத் தாங்கி நின்றது. பாலெஹொன்னூரில் 1925இல் தொடங்கிய ஆய்வு நிலையம் புதிய வகைகளைத் தந்தது. இவற்றோடு, அங்குள்ள தோட்டக்காரர் நிழல் மரங்களை வைத்துக்கொண்டதும் ஒரு காரணம். ஏற்காடு போனவர்கள் கண்டிருப்பார்கள்: சில்வர் ஓக் மரத்தில் மிளகு, அதன் கீழ் காப்பி. இதே யட்டவத்தத் தோட்டத்தின் பெரிய உருவம்.

கோயம்புத்தூர்த் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஈஸ்வரமூர்த்தி, ஜெயராஜ் ஆகிய இருவரும் இந்த வெண்வளையப் பூஞ்சணத்தைக் காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சிக்கு எதிராகத் தோட்டத்திலேயே தெளித்துப் பார்த்து, முடிவை 1978இல் அனைத்துலக ஆய்விதழில் வெளியிட்டனர். பூச்சிகள் பெருந்தொகையாக மடிந்தன. அவர்கள் நோக்கம் பூச்சி, துருவன்று. எனினும் பெட்ச் விட்ட இடத்திலிருந்து தமிழ் நாட்டவர் இருவர் தொடர்ந்தனர் என்பதைப் பதிவு செய்வதில் எனக்கு மகிழ்ச்சி.

துருவுக்கும் பூச்சிக்கும் உள்ள முடிச்சைத் தோட்ட அளவில் அவிழ்த்துக் காட்டியவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜோன் வாண்டர்மீர், இவெற் பெர்ஃபெக்டோ ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும். மெக்சிக்கோவின் சியாப்பாஸ் மாநிலத்தில் நிழல் மரங்களடர்ந்த ஒரு கோப்பித் தோட்டத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். நிழல் மரத்தில் அஸ்டெகா என்ற எறும்பு கூடு கட்டுகிறது. அது பக்கத்துக் கோப்பியில் உள்ள பச்சைப் பூச்சியை, நாம் பசுவை வளர்ப்பது போல, இனிப்பு நீருக்காகக் காவல் காத்து வளர்க்கிறது. காவலுள்ள இடத்தில் பூச்சி மிக அதிகமாகப் பெருகுகிறது. மிக அதிகமாகப் பெருகிய இடத்தில் வெண்வளையம் கொள்ளைநோயாக வெடிக்கிறது. வெடித்த இடத்தைச் சுற்றியுள்ள கோப்பியில் துரு குறைகிறது. 2009இலும் 2012இலும் வெளியான அவர்களுடைய கட்டுரைகள் இதைக் காட்டின. துருவின் அளவை ஒரு மரத்திலிருந்த எறும்புக்கூடு தீர்மானிக்கிறது என்று சொன்னால் 1880இன் துரைமார் சிரித்திருப்பார்கள்.

நம் நாட்டில் அஸ்டெகா இல்லை. முசுறு இருக்கிறது, தமிழகத்தில் முயிறு என்பர். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் அந்தச் செவ்வெறும்பும் பச்சைப் பூச்சியைக் காவல் காப்பதே. பெரியவரின் தோட்டத்துப் பலாவில் இரண்டு கூடுகள் தொங்கின. “பழம் ஆயிறப்போ கடிச்சி உயிரெடுக்கும். நெருப்பு வச்சுக் கலைக்கச் சொல்றாங்க வீட்டுல. நான்தான் விட்டு வச்சிருக்கேன்” என்றார். ஏன் என்று கேட்டேன். “அதுவும் இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். அவர் மெக்சிக்கோக் கட்டுரையைப் படித்தவர் அல்லர்.

ஆயினும் மிகைப்படுத்தக் கூடாது. மெக்சிக்கோவில் கண்ட விளைவு உறுதியானது, ஆனால் பெரிதன்று. 2012, 2013ஆம் ஆண்டுகளில் மத்திய அமெரிக்கா முழுவதும் துரு பெருங்கொள்ளையாக எழுந்தபோது, வெண்வளையப் பூஞ்சணம் வாழ்ந்த அதே தோட்டமும் அடிபட்டது. சுற்றுவட்டாரமெங்கும் நிழல் மரங்கள் வெட்டப்பட்டதும் மருந்து தெளிக்கப்பட்டதும் அந்தக் காவலைத் தளர்த்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருதுகோள். பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்துக்குப் பகைவன் யார், காவலன் யார் என்று தெரியாது, இரண்டும் பூஞ்சணமே. நிழலும் இருமுகங் கொண்டது. நிழலில் இலை நெடுநேரம் நனைந்திருப்பதால் துரு முளைப்பதற்கும் அது உதவும். மறுபுறம், நிழலில் மரம் அளவுக்கு மீறிக் காய்ப்பதில்லை. அளவுக்கு மீறிக் காய்த்த மரத்தின் இலைதான் துருவுக்கு எளிதில் இரையாகும். எவ்வளவு நிழல் என்பது மலைக்கு மலை, சரிவுக்குச் சரிவு வேறுபடும் கணக்கு. மாத்தளை போன்ற தாழ்ந்த, வெப்பமான பகுதியின் வீட்டுத் தோட்டங்களில் இன்று பெரும்பாலும் நிற்பது ரொபஸ்டா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய அராபிக்காவைவிட அது துருவைத் தாங்கும். பெரியவரின் மரங்கள் பிழைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கோப்பியின் முடிவுக்கு வருகிறேன். 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதம் 1880இல் மாத்தளையை எட்டியது. கோப்பி மூட்டைகளை ஏற்றுவதற்கென நினைத்துப் போட்ட பாதை; அது வந்து சேர்ந்தபோது ஏற்றுவதற்குக் கோப்பி குறைந்துகொண்டிருந்தது. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அதன் நாணயத்தாள்கள் நாட்டில் பரவலாகப் புழங்கியவை. தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசின் பொறுப்பை அறிவித்ததால் பெருங்கலவரம் தவிர்ந்தது. ஆனால் அந்தப் பொறுப்பு தாளைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே. தோட்டம் கைவிடப்பட்டபோது கூலி பாக்கியாக இருந்தவர்களின் கையில் தாள் எதுவும் இல்லை. துரைமார் பலர் கப்பலேறினர். கூலிகளுள் ஒருபகுதியினர் வந்த வழியே நடந்து திரும்பினர். எஞ்சியோர் சிங்கோனாவுக்கும், கொக்கோவுக்கும், கடைசியாகத் தேயிலைக்கும் மாறினர். 1889 அளவில் கோப்பி ஏற்றுமதி, உச்சத்தின் இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. மாத்தளையின் மலைச்சரிவுகளில் கொக்கோ வந்தது. அதற்கு நிழல் வேண்டும். எனவே நிழல் மரங்கள் திரும்பி வந்தன. வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளே அவற்றை நட்டனர்.

பெரியவரிடம் அவருடைய முன்னோர் எந்தக் காலத்தில் வந்தார்கள் என்று கேட்டேன். “கோப்பிக் காலத்துலயே வந்தவங்கன்னு எங்க பாட்டன் சொல்லுவாரு. தொறையூர்ப் பக்கம். நடந்துதான் வந்தாங்களாம். அண்ணன் தம்பி மூணு பேரு கெளம்பி, மாத்தளைக்கு வந்து சேந்தது ஒருத்தர்” என்றார். மற்ற இருவரின் பெயர் அவருக்குத் தெரியவில்லை. அவருடைய பாட்டனுக்கும் தெரிந்திருக்கவில்லையாம்.

மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் மத்திய ஆய்வு நிலையம் இருக்கிறது. கோப்பியும் மிளகும் கொக்கோவும் அதன் பொறுப்பில் உள்ளவை. நான் கண்ட அந்த வெண்மையை அங்குள்ளவர்களுக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் இரண்டு இலைகளைக் குறிப்பேட்டின் நடுவில் வைத்துக்கொண்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அலுவலகம் பூட்டியிருந்தது. கொழும்புக்கு வந்து திறந்து பார்த்தபோது இலைகள் கருகிச் சுருங்கியிருந்தன, வெண்மை தெரியவில்லை, தாளில் செம்மஞ்சள் கறை மட்டும் இரண்டு வட்டமாகப் படிந்திருந்தது. அடுத்த மழைக்குப் பின் மீண்டும் செல்வதாகப் பெரியவருக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன். இம்முறை வேலைநாளில்.